மூன்றாவது ஸ்டிக்கர்

நாலு மணி நேரம் கரண்ட் இல்லை.
ஜெனரேட்டர் விளக்குக்கு ஓடியது, ஏசிக்கு ஓடியது,
பில் போடும் கம்ப்யூட்டருக்கு ஓடியது.
மீன் பெட்டிக்கு வயர் இழுக்கவில்லை.

"மூடியத் தொறக்காதீங்க, ஒண்ணும் ஆகாது"
என்றார் மேலாளர் குலோத்துங்கன்.
திறக்கவில்லை.
இரவு கண்ணாடி வழியாகப் பார்த்தேன்,
இறால் பைகளுக்குள் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.
காலையில் எல்லாம் கல்.
பையின் உட்பக்கம் மட்டும்
வெள்ளை முள் முளைத்திருந்தது.
உருகி மறுபடி உறைந்ததென்று
அந்த முள்ளைப் படிக்கத் தெரிந்தவர்
மயிலாடுதுறையில் எத்தனை பேர்?

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.
தோல் உரித்து, குடல் எடுத்து, வால் நறுக்கி
ஒரு கிலோ.
மேலே எங்கள் கடையின் ஸ்டிக்கர்.
நகத்தால் சுரண்டினேன். இன்னொன்று.
அதற்கும் கீழே
வளையல் துண்டுகளைக் கொட்டியது போல் ஓர் எழுத்து.
எந்த நாடோ.
எண்கள் மட்டும் எனக்குப் புரிந்தவை:
போன ஐப்பசியோடு முடிந்துபோன ஒரு தேதி.
சுரண்டியதை யாரும் பார்க்கவில்லை.
பார்த்தாலும் ஷர்மிளாவைத்தான் சொல்வார்கள்.
எனக்கு முன்னால் இந்தச் சட்டை போட்டிருந்தவள்.
பேர் குத்திய பட்டையை மாற்ற
அறுபது ரூபாய் ஆகுமாம்.

கேட்டரிங் புஷ்பநாதன் நாற்பது பை எடுப்பார்.
"மசாலால விழுந்தா எல்லாம் ஒண்ணுதாம்மா."
ஒரு பையை வீட்டில் உருகவிட்டு
பக்கத்துக் கடைத் தராசில் நிறுத்தேன்.
அறுநூற்று இருபது கிராம்.
மீதி தண்ணீர்.
ஆடிப் பெருக்குக்குக்கூட
எங்கள் வாய்க்காலுக்கு வராத தண்ணீர்,
கப்பல் ஏறி வந்திருக்கிறது
கிலோ முந்நூற்றுத் தொண்ணூறுக்கு.

முகர்ந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை.
அந்த இல்லாத வாடையை எனக்குத் தெரியும்.

திருமுல்லைவாசல் பக்கம், ஒரு பண்ணையில்
ஐந்து வருஷம் தீவனம் கலந்தேன்.
எட்டுக் குளம். ராத்திரியெல்லாம் சக்கரம் சுற்றும்.
தவிட்டோடு ஒரு மஞ்சள் பொடி.
என்னவென்று கேட்டால் "சத்து" என்பார் டெக்னீஷியன்.
இறால் வெள்ளையாகக் கழிந்த வாரம்
சத்து இரண்டு மடங்கானது.
பிடிப்பதற்கு இருபது நாள் முன்பே நிறுத்தவேண்டும்
என்று டப்பாவில் போட்டிருந்தது.
விலை ஏறியது.
இருபது ஆறாகிவிட்டது.
உள்ளங்கை ஒரு வாரம் மஞ்சளாகவே இருந்தது;
கல்யாணப் பெண் மாதிரி என்று
வலை இழுப்பவர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், கூலி வாங்கினேன்.

அதெல்லாம் கன்டெய்னரில் போயிற்று.
பெட்டியின்மேல் தென்னை வரைந்திருந்தார்கள்.
எங்கள் குளத்துக் கரையில்
புல்கூட முளைத்ததில்லை.

எந்த ஊரிலோ ஒருத்தி
அந்தப் பெட்டியைச் சுரண்டியிருப்பாள்.
நம் எழுத்து வெளிப்பட்டிருக்கும்.
சுருண்ட புழு என்று நினைத்திருப்பாளோ?
அவள் குளத்து இறால்தான் இதுவோ?
அவளும் நானும்
ஒருவர் வீட்டுச் சட்டியில் ஒருவர்
பொடி தூவிக்கொண்டே இருந்திருக்கிறோம்,
ஒரு வார்த்தை பேசாமல்.

நேற்று ஒரு பையன், கையில் குழந்தை.
"இது நல்லதாக்கா?"
முள்ளைக் காட்டினேன். மேலே எதுவும் சொல்லவில்லை.
பனி அழகாயிருக்கென்று
குழந்தை கண்ணாடியில் கன்னம் வைத்தது.
அவன் இரண்டு பை எடுத்துப் போனான்.
ஒன்று இலவசம்.

சாப்பாட்டு நேரத்தில்,
லாரி வந்து நிற்கும் சந்தில் நின்று
புகார் எண்ணை அழுத்தினேன்.
மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.
எடுத்த பெண் கேட்டாள், என்ன கம்பெனி?
எந்த ஸ்டிக்கரில் இருப்பதைச் சொல்ல என்றேன்.
மூணும் சொல்லுங்க என்றாள். எழுதினாள்,
பேனா கீறுவது கேட்டது.

அப்புறம் கேட்டாள்,
உங்க பேரு?

குனிந்து
சட்டையைப் பார்த்தேன்.