மயில்துத்தம்

எட்டாம் அறை மின்விசிறி
நேற்றே நின்றுவிட்டது.
சேலத்து ஏப்ரலில் காலைக்குப் பன்னிரண்டு தாள்,
மதியத்துக்குப் பன்னிரண்டு.
கேள்வி முப்பத்தொன்று:
அணைவுச் சேர்மங்களில்
இணைதிறன் பிணைப்புக் கொள்கையின் குறைகள் மூன்று.

நிறத்தை விளக்கவில்லை. ஒன்று.
காந்தக் கணக்கு பாதியில் நிற்கிறது. ஒன்று.
ஃபுளூரைடு சூழ்ந்தால் தனித்தனியே நிற்கும்
இரும்பின் எலக்ட்ரான்கள்
சயனைடு வந்ததும் ஏன் ஜோடி சேர்கின்றன?
சொல்லத் தெரியவில்லை. ஒன்று.
கூட்டி வட்டமிட்டு
அடுத்த தாள்.

ஒரு கொள்கையின் குறையைக்கூட
எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள்.
நானும் அப்படித்தான் ஒப்பித்தேன்,
ஆத்தூரில், தொண்ணூற்றெட்டில்.

பதினேழாவது தாளின் ஓரத்தில்
நீலமாய் ஒரு கட்டைவிரல் ரேகை.
மை இவ்வளவு வெளிறாது.
எனக்குத் தெரியும் அந்த நிறம்.
காப்பி பூக்குமுன் ஏற்காட்டில்
சுண்ணாம்போடு கரைத்து அடிக்கிற மயில்துத்தம்;
நகக்கண்ணில் ஏறினால் ஒரு வாரம் போகாது.
(எங்கள் மாவட்டத் தாள் எங்களிடம் வராது.
கூடலூராக இருக்கும். தாண்டிக்குடியாக இருக்கும்.)

பெயரில்லாத அந்தப் பிள்ளை
மூன்றையும் விட்டுவிட்டு
வேறொன்றை எழுதியிருக்கிறது:

"செம்பு அயனைச் சதுரமாக்க
ஒற்றை எலக்ட்ரானை மேல்மாடிக்கு ஏற்றுகிறார்கள்.
அங்கே நிற்பது சுலபமாய் ஓடிவிட வேண்டும்.
ஓடினால் செம்பு மூன்று.
நான் கலக்கும் டிரம்மில் விடிய விடிய
இரண்டாகவே இருக்கிறது. நீலமாகவே."

விடைக்குறிப்பில் இது இல்லை.
கறாராகப் பார்த்தால் டிரம்மில் சுண்ணாம்பு,
பாடத்தில் அமோனியா; உதாரணம் தப்பு.
கறாராகப் பார்க்காவிட்டால்
இதுவரை திருத்திய பதினேழில்
கொள்கையைத் தட்டிப் பார்த்தது இது ஒன்றுதான்.

முதன்மைத் தேர்வாளர் எஸ்தர் பூங்கோதை
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
"சரிதான் டீச்சர். ஒரு பாயிண்ட். ஒரு மார்க்."

சாயங்காலம் ஏற்காடு பஸ்.
ஜன்னலோரமாய் ஆளுக்கொரு சீட்டு பிடித்தவர்கள்
அஸ்தம்பட்டியில் யார் யாரோ ஏறியும் அசையவில்லை.
அடிவாரத்தில் கோழிக்கூடையோடு ஒருத்தி ஏறினாள்;
மொத்தப் பேரும்
இரண்டிரண்டாய் நெருங்கிக்கொண்டார்கள்.
கூடை பெரிது என்பதாலா,
குரல் பெரிது என்பதாலா,
கட்டம் போட்டு அம்பு வரைந்து
எப்படிச் சொல்வது?

ஒன்பதாம் வளைவில், கீழே
மாக்னசைட் குழிகள் வெள்ளையாய்க் கிடந்தன.
துத்தத்துக்குப் பெயர் வைத்தவன்
முதலில் மயிலைப் பார்த்திருக்கிறான்.
நாங்கள் முதலில் கட்டத்தைப் பார்த்தோம்.

வீட்டில் சோறு பிசையப் போகையில்தான் கவனித்தேன்:
கட்டைவிரலில் சிவப்பு மை.
சோப்பு போட்டேன். எலுமிச்சை தேய்த்தேன்.
ஒன்று போட்டது
போட்டதுதான்.