இரண்டு ராத்திரி

குழித்துறையில் நான் ஏறினேன்.
நாகர்கோவிலிலிருந்தே ஜன்னலோரம் பிடித்து வந்த
ரெத்னபாய் அக்கா
பையை மடிக்கு எடுத்து இடம் தந்தாள்.
பாறசாலை தாண்டியதும் செருப்பைக் கழற்றி
எதிர் சீட்டில் காலை நீட்டினாள்.
"இனி நம்மள ஆருக்கும் தெரியாதுல்லா."

சென்னை வண்டியில் முன்னமே வந்திறங்கிய ஹெலன்பாய்
தம்பானூர் பிளாட்பாரத்தில்
கூலிங் கிளாஸ் போட்டு நின்றாள்,
போஸ்டரிலிருந்து இறங்கி வந்தவள் மாதிரி.
நான்கு வருடத்துக்குப் பிறகு
அக்கா அவளிடம் சொன்ன முதல் வார்த்தை:
"தலைக்கு டை அடிச்சியோ?"

லாட்ஜ் பையன்
மூன்று ஆதாரையும் வரிசையாக வைத்துப் பார்த்தான்.
மூன்று கணவன்மார், மூன்று ஊர், மூன்று பின்கோடு.
"நிங்ஙள் தம்மில் எந்தா பந்தம்?"
அக்கா தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.
பிறகு ஹெலனின் மூக்கை.
பிறகு என்னுடையதை.
சாவியைக் கொடுத்துவிட்டான்.

வாசலில் ஆட்டோக்காரர்
எங்களைக் கண்டதுமே மீட்டரைத் திருப்பினார்:
"மெடிக்கல் காலேஜ் அல்லே?"

எங்கள் பக்கத்துப் பெண்கள் இந்த ஊருக்கு
வேறெதற்கு வருவார்கள்.
நாங்களும் அப்படி வந்தவர்கள்தான்,
கஞ்சித் தூக்கும் பாயும் எக்ஸ்ரே கவருமாக
ஒருத்தி மாற்றி ஒருத்தி.
அம்மையின் கட்டிலடியில்
அக்கா கணக்குக்குப் பதினோரு ராத்திரி.
ஹெலன் கணக்குக்குப் பத்தொன்பது.
என் கணக்கை யாரும் கேட்கவில்லை,
என் மகளுக்கு அப்போது எட்டு மாதம்.
அந்த ராத்திரிகளை
நாற்பது சென்ட் ரப்பரால் பெருக்கியும் வகுத்தும்
மீதி வராமல்தான் பேச்சு நின்றது.

"மியூசியம்" என்றோம்,
மூன்று பேரும் ஒரே நேரத்தில்.
கொஞ்சம் சத்தமாகவே இருந்திருக்க வேண்டும்.
அவர் மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

மிருகசாலையில் நீர்யானை
தண்ணீருக்கு மேலே கண்ணையும் காதையும் மட்டும் வைத்திருந்தது.
முக்கால் மணி நேரம் நின்றோம்.
அது அசையவில்லை. எங்களுக்கும் போக மனசில்லை.
"கேட்டியா, இதுக்கு ஒரு வேலையும் இல்ல"
என்றாள் அக்கா, பொறாமையோடு.

மறுநாள் கிழக்கேகோட்டையில்
மேத்தன் மணி பார்க்க அண்ணாந்து நின்றோம்.
பன்னிரண்டாயிற்று. தாடிக்காரன் வாயைத் திறந்தான்.
இரண்டு கிடாக்கள் இரண்டு பக்கமிருந்தும் பாய்ந்து
கன்னத்தில் முட்டின.
"பாவம் அந்த மனுசன்" என்றாள் அக்கா.
"பாவம்" என்றாள் ஹெலன்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நான்கு வருடமாக இரண்டு பேருடைய போனையும்
எடுத்துப் பேசியவள் நான்.

இலையில் போளியைப் பிய்த்துப் போட்டு
மேலே பால்பாயசம் ஊற்றினார்கள்.
அக்காவுக்குச் சுகர் இருநூற்று நாற்பது.
ஹெலன் கேட்காமல் கொள்ளாமல்
அக்கா இலையில் பாதியை வழித்துத் தன் இலையில் போட்டுத் தின்றாள்.
அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.
பிறகு ஹெலனின் பப்படத்தை எடுத்து நொறுக்கினாள்.

சாயங்காலம் பார்லரில், ஹெலன் செலவில்,
வரிசையாக மூன்று நாற்காலி, மூன்று தொட்டி வெந்நீர்.
"காலு களுவ அறுநூறு ரூவாயாளா?"
ஒரு சின்னப் பெண் அக்காவின் பித்தவெடிப்பைத்
தேய்த்துத் தேய்த்து மாவாக்கினாள்.
நகவெட்டி சத்தம் கேட்டதும்
ஹெலன் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்:
"அம்மைக்கு நெகம் நீதான் வெட்டின.
எனக்குப் பயம். அந்த வீங்கின விரலத் தொடவே பயம்."
அக்கா பதில் சொல்லவில்லை.
தொட்டியில் தண்ணீர் மட்டும் அசைந்தது.
"சிவப்பு போடட்டே சேச்சி?" என்றது அந்தப் பிள்ளை.
ஐம்பத்தெட்டு வயதில்
அக்கா சிவப்பு போட்டுக்கொண்டாள்.

ஏசி பதினெட்டில், ஒரே கம்பளி,
யார் குறட்டை என்று விடியும்வரை தெரியவில்லை.

காலையில் பில் வந்தது.
அறை ஒன்று. ஆட்கள் மூன்று. ராத்திரி இரண்டு.
அக்கா அதை இரண்டு தடவை வாசித்தாள்,
நாலாக மடித்தாள்,
ஜாக்கெட்டுக்குள் சொருகினாள்.
"கையில இருக்கட்டு."

"இருக்கட்டு," என்றாள் ஹெலன்,
"நேத்து கட்லெட்டுக்கு
நான் குடுத்த எழுவது ரூவாய எடு."