ஆயிரத்து நூற்று முப்பது கிராம்

திபிலீசி ரயில் நிலையச் சதுக்கத்துச் சுரங்கப்பாதையில்
சாவி வெட்டுகிறவனுக்கு அடுத்தது என் அடகுக்கடை.
கதவில் மணி கிடையாது. யார் வந்தாலும்
கண்ணாடி அதிரும்.

பிப்ரவரி மாதம், ஈரக் கோட்டோடு ஒருவர்
மடிக்கணினியை மேசையில் வைத்தார்.
நுக்ஸார் என்று பெயர் சொன்னார்.
நான் இன்னும் கேட்டிருக்கவில்லை.

தங்கம் நிறுக்கும் தராசில் தூக்கி வைத்தேன்,
விளையாட்டுக்குத்தான்.
ஆயிரத்து நூற்று முப்பது கிராம்.
"இவ்வளவு கனமான மோதிரம்
இந்த வருடம் இதுதான் முதல்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
தராசை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

அலுவலக வகை. கறுப்பு, மினுக்கு இல்லாதது,
விமானத்தின் நடு இருக்கையிலும் விரியும் அளவு.
எனக்கு இந்த வகை பிடிக்கும்.
வீட்டுக் கணினிகள் பகட்டாக வந்து
இரண்டே வருடத்தில் கீல் தளர்ந்து வாய் பிளக்கும்.
இது ஒற்றை விரலுக்குத் திறந்தது,
விட்ட இடத்தில் நின்றது.

புதிதில் மூவாயிரத்து எண்ணூறாம்.
வாங்கியது நீங்களா?
"கம்பெனி. இழுத்து மூடும்போது
மூன்று மாதச் சம்பளத்துக்குப் பதில் கொடுத்தார்கள்."
டிசம்பருக்குத் திரை, ஜனவரிக்கு விசைப்பலகை,
பிப்ரவரிக்குச் சார்ஜர் என்று
மனதுக்குள் பிரித்துப் பார்த்தேன்.
பிப்ரவரிதான் அடிமாட்டு விலை.

பாட்டரி எழுபத்தொரு விழுக்காடு.
அடிப்பக்கம், சொத்து எண் ஸ்டிக்கரைச் சுரண்டிய பிசுக்கு.
திரையில் ஒரு புள்ளி செத்திருந்தது,
கடிகாரத்துக்குப் பக்கத்தில்.
இதெல்லாம் துடைக்கலாம், மறைக்கலாம், பழகிக்கொள்ளலாம்.
என் உரைகல் விசைப்பலகை.

பி, ஓ, டி, ஐ நான்கும் வழுவழுத்திருந்தன.
எஸ்ஸும், அதற்குத் துணைபோகும் இடது ஷிஃப்ட்டும்கூட.
சேர்த்துத் தட்டினால் எங்கள் மொழியில் 'போதிஷி'.
மன்னியுங்கள் என்று அர்த்தம்.

"எங்கே வேலை பார்த்தீர்கள்?"
"லிஃப்ட் கம்பெனி. புகார்ப் பிரிவு. ஆறு வருடம்."

தற்செயலாக இருக்கலாம்.
எங்கள் பெயர்ச்சொற்களில் பாதி ஐயில்தான் முடிகிறது.
தேய்ந்த விசைகளுக்கு இருபது குறைத்தேன்.

நானூற்று ஐம்பது.
அவர் எழுநூறு என்றார், நம்பிக்கை இல்லாத குரலில்.
சார்ஜர் அசல் என்பதால் நானூற்று எழுபது.
பேனாவை எடுத்தவர் கீழே வைத்தார்.
"ஒரே ஒரு கடிதம் அனுப்பிவிட்டுக் கொடுக்கட்டுமா?"

முக்காலியில் உட்கார்ந்து நாற்பது நிமிடம்.
பக்கத்தில் சாவி கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது.
விசைகளைப் பார்க்காமல் தட்டினார்,
நீண்ட நேரம் பார்த்தபடி அழித்தார்.
யாருக்கு என்று கேட்பது என் தொழில் இல்லை.
திரும்பக் கொடுத்தபோது அடிப்பாகம் சுட்டது,
அப்போதுதான் சுட்ட ரொட்டிபோல.
என் படிவத்தில் சூட்டுக்குக் கட்டம் கிடையாது.

துளையிடும் இயந்திரத்துக்கும் ஒரு அக்கார்டியனுக்கும் நடுவே
அலமாரியில் செருகினேன்.
மூடியின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி
அணைந்து அணைந்து எரிந்தது,
நான்கு நாள்.

இருபத்தெட்டாம் நாள் கண்ணாடி அதிர்ந்தது.
வட்டி மட்டும்தான் இருக்கிறது என்றார்.
முப்பத்தேழு. எண்ணி வைத்தார், சில்லறையாக.
"ஒருமுறை பார்க்கலாமா?"

எடுத்துக் கொடுத்தேன். திறந்தார்.
பாட்டரி முழுதாக இருந்தது.
திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி திரையை.
"இத்தனை நாளில் இது காலியாகியிருக்க வேண்டுமே."

"சரக்கு கெட்டால் நஷ்டம் எனக்கு" என்றேன்,
ரசீதில் தேதியைத் தப்பாக எழுதி
அடித்து எழுதியபடி.