ஏழு நாள் செக்கிங் வாரண்டி

பரந்தன் சந்தியில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே
மூன்று கடை.
முதல் கடையில் முந்நூற்றைம்பது.
இரண்டாம் கடையில் அதே சாமான், அதே பெட்டி, நானூற்றிருபது,
கதவில் ஏசி என்று எழுதியிருக்கிறது.
மூன்றாம் கடையில் நிதுர்ஷன்.

கட்டாரிலிருந்து அத்தான் கொண்டுவந்த பிளேயர்
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம்.
அதோடு வந்த வயர் மடிப்பில் விட்டுப்போய்
இடது பக்கம் பாடும், வலது பக்கம் யோசிக்கும்.
போனிலேயே கேக்கலாமே அக்கா, என்கிறான்.
போனை வாசலில் பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான்
நாங்கள் உள்ளே போவது.
எங்க உள்ளே?
முகமாலை. கண்ணிவெடி எடுக்கிற இடம்.
ஓ, என்கிறான்.
கொஞ்ச நேரம் என் விரல்களை எண்ணுகிறான்.
பத்தும் இருக்கின்றன.

நாள் முழுக்க என் தலையில் ஒரு ஹெட்போன் இருக்கிறது.
எனக்குச் சொந்தமில்லை, விலையும் தெரியாது.
ஆணிக்கு ஒரு சத்தம், சோடா மூடிக்கு ஒரு சத்தம்,
மற்றதற்கு ஒரு சத்தம்.
பிறகு கொட்டிலில் பத்து நிமிடம் ஓய்வு.
அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் இவ்வளவு தேடலும்.
ஆயிரத்தைந்நூறுக்குக் கீழே வாங்காதே என்றாள் சுகந்தமலர்.
அவளுக்கு லீசிங் இல்லை.
சீட்டுக்காசும் தம்பியின் டியூசனும் போக
என் கையில் நிற்பது அறுநூறு.

முதலாவதை எடுத்து வைத்தான்:
இதுக்கு பேஸ் கூட, நெஞ்சு அதிரும்.
நெஞ்சு அதிர வேண்டாம், தம்பி.

இரண்டாவது, காதை முழுக்க மூடுகிற பெரிய வட்டம்.
விலை கேட்கவில்லை, சும்மா போட்டுப் பார்த்தேன்.
கடை போனது. றோட்டு போனது.
ஒரு டிப்பர் சத்தமே இல்லாமல் போனது.
நிதுர்ஷனின் வாய் மட்டும் அசைந்தது.
கழற்றிவிட்டேன்.
வெளிச்சத்தம் துண்டா வராது, அதுதான் இதில விசேஷம், என்றான்.
வரவேணும்.
பின்னால் யாராவது என் பெயரைக் கூப்பிட்டால்
அந்த எழுத்திலேயே நான் நின்றுவிட வேண்டிய வேலை.

மூன்றாவதில் பாட்டுக்கு அடியில் மணல் கொட்டுகிறது.
நான்காவதில் வலது பக்கம் ஒரு சொட்டுக் குறைவு.
வாங்கித் தன் காதில் போட்டான், ஒன்றுமில்லையே என்றான்.
திரும்பப் போட்டான். கண்ணை மூடினான்.
ஓம், கொஞ்சம், என்றான்,
பெட்டியில் இருந்த மற்றதுகளையும் சந்தேகமாகப் பார்த்தபடி.

ஐந்தாவது, கண்ணாடி அலுமாரியின் அடித்தட்டிலிருந்து:
மஞ்சள். ஒருவரும் வாங்காத மஞ்சள்.
காதுக்குள் நுழையாமல் வாசலிலேயே உட்காருகிற பழைய மாதிரி.
ஐந்நூற்றெண்பது.
பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் கோப்பை கழுவுவது கேட்டது,
பாட்டும் கேட்டது,
ஒன்றையொன்று மிதிக்கவில்லை.
ஐந்நூற்றைம்பதுக்குத் தந்தான்.
ஏழு நாள் செக்கிங் வாரண்டி என்று பில்லில் எழுதினான்.
வயர் அறுந்தால் இல்லை. தண்ணி பட்டால் இல்லை.

தருமபுரம் தாண்டும்போது
மூன்றாவது பாட்டில், சரணத்துக்கு முன்னால்
கீபோர்ட்டில் யாரோ ஒரே கட்டையை
அழுத்திப் பிடித்திருக்கிறார்கள்,
மெல்லிசாய், உயரமாய்.
மூன்று வருடமாகக் கேட்கிற பாட்டு.
பழைய வயரில் இப்படி ஒன்று இருந்ததே தெரியாது.
என் இடது கால் பஸ் தட்டிலிருந்து உயர்ந்து
அப்படியே நின்றது.
பக்கத்துப் பெண் தன் மீன்பையை இழுத்துக்கொண்டாள்,
மிதிக்கப்போகிறேன் என்று நினைத்து.

பாட்டைப் பின்னுக்குத் தள்ளினேன்.
அந்த இடம் வந்தது. கால் அசையவில்லை, பெருவிரல் மட்டும்.
இன்னொரு தரம்.
ஆணியில்லை. மூடியில்லை. மற்றதுமில்லை.
பிளாஸ்டிக் கட்டையில் யாரோ ஒருவரின் விரல்.
இன்னொரு தரம்.

விசுவமடுவில் இறங்கவேண்டியவள்
உடையார்கட்டு வரை போய்விட்டேன்.
திரும்பி வர ஐம்பத்திரண்டு ரூபாய்.
அதையும் சேர்த்தால் இந்த மஞ்சள்
அறுநூற்றிரண்டு.