மிச்சக் காசு

சிங்களத்தில் ஒன்றரை வரி.
அதைத் தமிழில் எழுதி வாசித்துக் காட்டவேணும்.
பக்கத்துக்கு முந்நூற்றைம்பது ரூபா எனக்கு,
பக்கம் நிறையாவிட்டாலும் அதுதான் விலை.

மின்விசிறி சுற்றும்போதெல்லாம்
படிவத்தின் ஒரு மூலை எழும்பி எழும்பி விழுந்தது.
அதன் மேல் தன் சிவப்புப் பாஸ்போட்டை வைத்து அமர்த்தினார்
பத்மலோஜினி, வயது ஐம்பத்தாறு,
பிறந்த இடம் இணுவில்,
பிரசை சிங்கப்பூர்.

விசா எடுக்காமல் வரலாம், முப்பது நாள்.
அண்ணர் செத்தது அவர் வந்து இறங்கிய இரவு.
அந்தியேட்டி முப்பத்தோராம் நாள்.
ஒரு நாளைக்கு யாரிடம் போய் என்ன கேட்பது என்று
கீரிமலைக்குப் போய் முழுகிவிட்டு வந்திருக்கிறார்.

"ஒரு நாள் பிந்தினால் பரவாயில்லை,
மற்ற நூற்றுப் பதினாறு நாளும் எதற்கு?"
உத்தியோகத்தர் என்னிடம் கேட்டார்.
நான் அவரிடம் கேட்டேன்.

"முப்பத்தொண்டோட துடக்குக் கழியும் எண்டாங்கள்.
எனக்குக் கழியேல்லை."

துடக்கு. சிங்களச் சொல் சட்டென்று வரவில்லை.
துக்கம் என்று மாற்றிச் சொன்னேன்.
உத்தியோகத்தர் தலையாட்டினார், எழுதவில்லை.

பிடிபட்டதும் பெரிய கதையில்லை.
மரணச் சான்றிதழில் அண்ணரின் பெயர் பிழை,
திருத்தப் போன கந்தோரில்
"உங்கட அடையாள அட்டை?" என்றிருக்கிறார்கள்.

இனி அந்த ஒன்றரை வரி.
இக்கட்டளையை எதிர்த்து முறையிட
எனக்குள்ள உரிமையை நான்...

துறக்கிறேன்?
துறந்தவருக்குக் காவி உண்டு, ஊர் விழுந்து கும்பிடும்.
கைவிடுகிறேன்?
கைவிட்டது பின்னாலேயே வரும், அழுதுகொண்டு.
விட்டுக்கொடுக்கிறேன்?
அது பங்குக் கிணற்று முறைத்தண்ணிக்குச் சொல்கிறது.
வாங்கிக்கொள்ள எதிரில் ஒரு ஆள் வேணும்.
எதிரில் சுவர், வங்கிக் கலண்டர்,
போன மாதத்தில் நிற்கிறது.

இருபது வருசத்துக்கு முந்தி ஒரு குளிர்நாட்டில்
எனக்கும் இப்படி ஒரு தாள்.
மொழிபெயர்க்கத் தொலைபேசியில் யாரோ ஒரு தமிழ் ஆள்,
பின்னால் குக்கர் விசில்.
'என் விருப்பத்தின் பேரில் திரும்புகிறேன்' என்று வாசித்தார்.
"விருப்பம் எண்டோ அண்ணை போட்டிருக்கு?"
"எல்லாருக்கும் அப்பிடித்தான் தம்பி போடுறது."
அவருக்கும் பக்கக் கணக்கோ, நிமிசக் கணக்கோ.

'துறக்கிறேன்' என்று எழுதினேன்.
அகராதியில் அதுதான் முதலில் இருக்கிறது.

"எதிர்த்துக் கேட்டா எவ்வளவு நாள் இருக்கலாம்?"
தெரியாது என்றேன்.
தெரியும்.
இருக்கலாம், கன நாள். இணுவிலில் அல்ல,
ஜன்னலுக்கு வலையடித்த ஒரு கட்டிடத்தில்.

கையெழுத்து பாஸ்போட்டில் உள்ளதுபோல இருக்கவேணுமாம்.
வீண்தாள் ஒன்றில் மூன்றுமுறை
தன் பெயரை எழுதிப் பழகினார்.
நாலாவதைத் தாளில் வைத்தார்.
சீல் இரண்டு இடத்தில் விழுந்தது, ஒன்று சரிந்து.

வெளியே மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவில்
ஐந்நூறு ரூபாத் தாளை நீட்டினார்.
மாற்றில்லை, எதிர்க்கடையில் மாற்றிக்கொண்டு வாறன் என்றேன்.

"விடுங்கோ" என்றார்.

இவ்வளவு நேரமும் இது எங்கே இருந்தது?
உரிமையை விடுகிறேன்.
சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.
கையை விரித்தால் போதும், காவி வேண்டாம்.
உள்ளே சீல் காய்ந்துகொண்டிருக்கும்.
ஒரு சொல்லை மாற்றினாலும்
அவர் திரும்ப ஒருமுறை பெயரை எழுதவேணும்.

நான் விடவில்லை. கடைக்குப் போனேன்.
கடைக்காரன் சும்மா மாற்றித் தரமாட்டான்,
ஒரு தீப்பெட்டி வாங்கவேண்டி வந்தது.

திரும்பி வர வானைக் காணவில்லை.
நூற்று முப்பது ரூபாயும் தீப்பெட்டியுமாக
நிற்கிறேன்.