மிச்சம்

வால்டிவியாவில் ஆறாவது நாளாக மழை.
பதினான்கு வீடுகள், எல்லாம் பைன் மரச் சட்டம்.
வரைபடத்தைக் கணினிக்குக் கொடுத்துவிட்டுக்
காப்பியில் சர்க்கரை கலக்குகிறேன்,
அதற்குள் எண்ணி முடித்துவிடுகிறது:
நிலைக்கட்டை இரண்டாயிரத்து நூற்று நாலு,
ஜிப்சம் பலகை, கண்ணாடிக் கம்பளி,
ஆணிகூட, கிலோ கணக்கில்.
எந்தக் கட்டையில் அறுத்த வால்
எந்த ஜன்னலுக்குத் தலை என்பதுவரை.

போன வருஷம் நான்தான் எண்ணினேன்.
தாள்மேல் ஸ்கேல் வைத்து, கண் எரிய,
கடைசியில் பயத்துக்கென்று
நூற்றுக்குப் பதினைந்து கூட்டிப் போட்டு.
அந்தப் பயம் முழுக்கத் தொட்டியில் கிடந்து நனைந்தது.
லாரிக்கு வாடகை கொடுத்து அனுப்பிவைத்தோம்.

இப்போது நூற்றுக்கு மூன்று.
ஒசோர்னோவிலிருந்து முதலாளி போனில்
"மிச்சம், எவ்வளவு மிச்சம்!" என்கிறார்.

ஆறு மணிக்கு இரவுக் காவலுக்கு வருகிறாள்
இஸ்மெல்டா கத்ரிலேயோ,
தோளில் மடித்துப் போட்ட சாக்கோடு.
மூன்று குளிர்காலம் அவள் வீட்டு அடுப்பு
எங்கள் தொட்டியைத் தின்றுதான் எரிந்தது.
பச்சை மருந்து ஏறிய அடிக்கட்டையை எரிக்காதே
என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறாள்.
ஈர மரத்தூள்.
யாரோ தின்ற ரொட்டியின் காகிதம்.
ஒரே ஒரு கட்டை,
வேண்டியதற்கு இரண்டு சென்டிமீட்டர் குட்டை.

"இது யார் அறுத்தது?"
"யெர்கோ. புதுப் பையன். அளவைத் தப்பாகப் படித்துவிட்டான்."
கட்டையைச் சாக்கில் போட்டுக்கொண்டு கேட்டாள்:
"நாளைக்கும் வருவானா?"

சிரித்தேன். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.
பிறகு திரையின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
மூன்றை ஐந்தாக்க ஒரு விரல் போதும்.
ஆக்கவில்லை.
மரம் என்னுடையது அல்ல,
குளிரும் என்னுடையது அல்ல என்று
ஏதோ ஒரு நியாயம்.

புதன்கிழமை யெர்கோ இரண்டு கட்டையைக் குட்டையாக அறுத்தான்.
வியாழன் நான்கு.
மேஸ்திரி திட்டியபோது தலையைக் குனிந்துகொண்டான்,
காதில் பென்சில்,
கையில் டேப்,
அளவு தெரியாதவன் பிடிக்கிற மாதிரி இல்லை அந்தப் பிடி.

வெள்ளிக்கிழமை திரையில் சிவப்பு எழுத்து:
கழிவு மூன்று புள்ளி நாலு.
வரம்பு மீறியது.
காரணம் எழுதவும்.
கீழே ஒரு வெற்றுக் கட்டம்,
உள்ளே கண் சிமிட்டும் ஒரு கோடு.

ஜன்னலைப் பார்த்தேன்.
ஆற்றின் அக்கரையில் புகைபோக்கிகள்,
அதில் எது அவளுடையதென்று தெரியவில்லை.

எழுதினேன்:
மழை.