நான்கு பத்து

கிளைபேடா துறைமுகத்தில்
ஒன்பதாம் எண் கிரேனுக்கு
இப்போது நான்தான் மூளை.
காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு கம்பி.
படிவங்களில் அதற்கு நீளமான பெயர் உண்டு,
நாங்கள் தூண்டில் என்போம்.
யார் மீன், யார் மீனவர் என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.

காலையில் மாட்டிக்கொண்டதும்
தோள் நாற்பது மீட்டர் நீளும்.
விரல்கள் நான்கு. எஃகு.
மூடுபனிக்குள் கையைவிட்டுக்
கப்பலின் வயிற்றிலிருந்து பெட்டிகளை எடுப்பேன்,
தூங்குகிறவர்கள் இருக்கும் வீட்டில்
அலமாரியிலிருந்து தட்டு எடுப்பதுபோல.
என் சொந்தக் கைகள் மடியில் கிடக்கும்
யாரோ மறந்துவிட்டுப் போனவையாக.
அவை அசைந்தால் பளு ஆடும்.
முதல் வாரமே சொல்லிவிட்டார்கள்:
கொட்டாவி விடலாம், அழலாம்,
கை மட்டும் சும்மா இருக்க வேண்டும்.

எல்லாம் சரி.
மாலை நான்கு பத்துக்குக் கிரேன் நிற்கும்.
இரண்டு விநாடி.
இடப்பக்கம், மேற்கே,
கூச்சம்போலச் சற்றே சாயும்.
பிறகு ஒன்றுமே நடக்காததுபோல்
வேலையைப் பார்க்கும்.

மடிக்கணினியோடு கின்டவுதாஸ் வந்தான்.
பழைய ஓட்டுநரின் தடங்களை
மூன்று முறை கழுவியாயிற்று என்றான்.
இது வெறும் இரைச்சல் என்றான்.
இரைச்சலுக்கு மணி பார்க்கத் தெரியுமா என்றேன்.
நான்காம் முறையும் கழுவினான்.
மறுநாள், நான்கு பத்து.
நின்றது.

மேற்கே என்ன இருக்கிறது?
மறுகரைக்குப் போகும் படகுத்துறை,
அதற்கப்பால் மணல்மேடு, பைன் மரங்கள்.
போதாதா?
கதை கட்டிவிட்டேன்.
படகில் ஒருத்தி. சிவப்புக் குடை.
இருபத்திரண்டு வருடம் மேலிருந்து பார்த்திருக்கிறார் மனிதர்,
எஃகுக்கே பழகிவிட்டது அந்தப் பார்வை.
இரவு உருளைக்கிழங்கு தோல் சீவும்போது
இல்லாத அந்தக் குடைக்காக
எனக்குத் தொண்டை அடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை தேடிப் போனேன்.
ஐந்தாம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை.
வித்மந்தாஸ் கேட்டுவிட்டுச் சிரித்தார்.
சமையலறைக் கதவை ஒருமுறை பார்த்தார்.
குரலைத் தாழ்த்தினார்.

"குடையா? நான் எதையும் பார்த்ததில்லை, அம்மா.
நாலு மணிக்குத் தேநீர்.
கையுறையைக் கழற்றிக் குடித்துவிட்டு மறுபடி மாட்டுவேன்.
கம்பளி எனக்கு ஆகாது.
சரியாகப் பத்து நிமிடத்தில்
இடது மணிக்கட்டு நமைக்க ஆரம்பிக்கும்.
சொறிய முடியுமா? பளு ஆடும்.
பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு விநாடி.
அவ்வளவுதான் கதை."

வேறு கையுறை வாங்கியிருக்கலாமே?

"அவள் பின்னியது.
வருடத்துக்கு ஒரு ஜோடி.
எப்படிச் சொல்வது?"

கதவு திறந்தது. பீட்ரூட் சூப்போடு கெனோவைதே.
சூப்பை வைத்துவிட்டு என் கைகளைப் பார்த்தார்.
"மேலே குளிருமே" என்று உள்ளே போய்த்
திரும்பி வந்தார்.
சாம்பல் நிறம், மணிக்கட்டில் சிவப்புக் கட்டங்கள்.
அளவு கச்சிதம்.
வித்மந்தாஸ் கூரையில் எதையோ
மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கம்பளி ஒத்துக்கொள்ளும்.
குழந்தையிலிருந்தே.
இதை இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

இன்று திங்கள். கடலிலிருந்து ஊசிக் குளிர்.
நான்கு பத்து.
நாற்பது டன் அந்தரத்தில்.
இடது மணிக்கட்டு நமைக்கிறது.
அவருடையதா என்னுடையதா
அந்த எஃகினுடையதா, தெரியவில்லை.
யாருடைய பல்லோ கடித்துக்கொண்டது.
பளு ஆடவில்லை.

தாமத அறிக்கையில்
காரணம் என்ற கட்டத்துக்குள் எழுதினேன்:
காற்று.